பாணின் விலையும் மூன்று சங்கங்களும்

இன்று நள்ளிரவு முதல் 450 கிராம் பாணின் விலை 10 ரூபாவால் குறைகிறது என்று பேக்கரி உரிமையாளர் சங்கம் அறிவிக்கும். சில மாதங்கள் சென்றபின் அதே சங்கம், மற்றொரு நள்ளிரவு முதல், விலை ஏறுகிறது என்று அறிவிக்கும். அதைத் தொடர்ந்து சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கம் சோற்றுப் பொதிக்கும் கொத்து ரொட்டிக்கும் பால் தேநீருக்கும் தன் விலையைச் சொல்லும். வானொலியோ இவற்றை எரிபொருள் விலைக்கும் எரிவாயு விலைக்கும் அடுத்தபடியாக, அதே குரலில், அரசாங்க அறிவித்தலைப் போலவே வாசிக்கிறது. விலை குறைந்தால் மகிழ்கிறோம். ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுகிறோம். ஒரு நாட்டு மக்களின் காலை உணவுக்குக் கடைக்காரர் கூடியிருந்து விலை குறிக்கும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் நம்மிடையே எழுவதில்லை.

எழாமைக்கு ஒரு காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'சங்கம்' என்பது தமிழில் மதிப்புப் பெற்ற சொல். தொழிலாளர் கூடினால் அது தொழிற்சங்கம். வாங்குவோர் கூடிக் கடை வைத்தால் அது கூட்டுறவுச் சங்கம். அதன் கடையைச் 'சங்கக்கடை' என்றே ஊரில் சொல்லிப் பழகினோம். வியாபாரிகள் கூடினால் அது வர்த்தகர் சங்கம். மூன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு; மூன்றுக்கும் ரப்பர் முத்திரை உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மூன்றும் ஒரே உருவம். ஆனால், முதலாவது உழைப்பை விற்று வாழ்பவர்களின் ஒற்றுமை. இரண்டாவது வாங்கி உண்பவர்களின் ஒற்றுமை. மூன்றாவது பண்டத்தை விற்பவர்களின் ஒற்றுமை. இந்த மூன்றாவது சங்கம் சாலை விளக்கு வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும் என்று பேசும்வரை யாருக்கும் தொல்லையில்லை. விலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் கணத்தில் அது மற்ற இரண்டு சங்கங்களுக்கும் எதிர்வரிசையில் போய் நின்றுவிடுகிறது.

இதைச் சொன்னால் நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பேக்கரிக்காரன் சிறு உடைமையாளன், அவனைப் பெருமுதல் நசுக்குகிறது, அவன் தன் சகாக்களோடு சேர்ந்து தன்னைக் காத்துக்கொள்வதில் என்ன பிழை என்று கேட்கிறார்கள். ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு நண்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். போட்டி என்பதே முதலாளித்துவத்தின் நோய். அது ஒழிவதைக் கண்டு இடதுசாரி ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும் என்றார். கைதட்டலும் கிடைத்தது. ஆகவே இவ்வாதத்தைப் புறந்தள்ளாமல் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு கிலோ கோதுமை மாவிலிருந்து ஏறக்குறைய மூன்று றாத்தல் பாண் சுடலாம். (நாம் றாத்தல் என்று இன்னும் சொல்லிவரும் அந்தப் பாணைத்தான் சட்டம் 450 கிராம் என்கிறது.) ஆகவே மாவின் விலை கிலோவுக்கு 30 ரூபா ஏறினால் மாவின் பொருட்டு ஒரு றாத்தலுக்கு ஏறவேண்டியது 10 ரூபா. விறகு, எரிவாயு, ஈஸ்ற், கூலி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு வேறு கணக்கு உண்டு, அவையும் ஏறலாம். ஆனால் அவை எல்லாப் பேக்கரிக்கும் ஒரே அளவாக, ஒரே நள்ளிரவில் ஏறுவதில்லை. ஒருவனிடம் தகப்பன் காலத்து விறகுப் போறணை இருக்கிறது. மற்றவன் டீசலில் சுடுகிறான். இன்னொருவன் வங்கிக் கடனில் மின்சாரப் போறணை வாங்கியிருக்கிறான். ஒருவன் சொந்தக் காணியில் மனைவி மக்களோடு வேலை செய்கிறான். மற்றவன் நகரத்தில் வாடகை கட்டி எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். செலவு இத்தனை விதமாக இருக்க, விலை மாத்திரம் பருத்தித்துறையிலும் பண்டாரவளையிலும் ஒரே தொகையால், ஒரே இரவில் அசையுமானால் அந்த அசைவைச் செலவு நிர்ணயிக்கவில்லை என்பது தெளிவு. மாணவர்கள் அடுத்த அறிவிப்பு வரும்போது மாவின் ஏற்றத்தை மூன்றால் வகுத்துப் பார்க்கட்டும். மிச்சத்துக்கு யாராவது காரணம் சொல்கிறார்களா என்றும் பார்க்கட்டும்.

விலை குறைப்பு அறிவிப்பிலும் இதே குறைதான் இருக்கிறது. மா மலிந்ததும் தன் வாடிக்கையைப் பெருக்க ஒரு பேக்கரிக்காரன் அடுத்த நாளே குறைத்திருப்பான்; பக்கத்துக்காரனும் குறைத்திருப்பான். இப்போது இருவரும் சங்கத்தின் வாயைப் பார்த்திருக்கிறார்கள். சங்கம் குறைக்கும் நாள்வரை வாங்குபவன் பழைய விலையைக் கொடுக்கிறான். பிறகு அக்குறைப்பு ஒரு தர்மமாக அறிவிக்கப்படுகிறது.

இவை வழிகாட்டும் விலைகளே, கட்டாயமில்லை என்று சொல்வார்கள். தேசிய அளவில் ஒரு சங்கம் எவரையும் வற்புறுத்துகிறது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை, அதற்குத் தேவையுமில்லை. போட்டியாளர் எல்லோரும் நாளைக்கு என்ன விலைக்கு விற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் எவனுக்கும் குறைத்து விற்கும் அவசரம் வராது. அறிவிப்பே போதும். ஆனால் தேசிய அளவில் ஆலோசனையாக இருப்பது சிற்றூரில் இறங்கும்போது கட்டளையாக மாறுவதை நான் கண்டிருக்கிறேன். நான் படிப்பித்த ஓர் ஊரில் ஒருவர், மாலையில் மிஞ்சும் பாணை வீணாக்க மனமின்றி, ஐந்து மணிக்குப் பிறகு 10 ரூபா குறைத்து விற்கத் தொடங்கினார். கூலிக்குப் போய்த் திரும்பும் பெண்கள் அந்த நேரத்துக்குக் காத்திருந்து வாங்கினார்கள். இரண்டு கிழமைக்குள் உள்ளூர்ச் சங்கத்துக்காரர் மூவர் வந்து, மிக மரியாதையாக, தேநீர் குடித்துக்கொண்டே பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமையே அவருக்கு மா கொடுத்துவந்த வியாபாரி கடன் இல்லை, காசு வைத்தால்தான் மூடை என்றார். மாலைவிலை நின்றுபோயிற்று. எழுத்தில் ஒன்றும் இல்லை. எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

விலையில் அடைக்கப்பட்ட போட்டி வேறு வழியாகக் கசியும் என்பதும் கவனிக்க வேண்டியது. விலையை எல்லோரும் ஒன்றாக வைத்தபின் இலாபத்தைக் கூட்ட ஒரே வழி பாணைச் சிறிதாக்குவது. எடைகுறைந்த பாண் நாடு முழுவதும் முறைப்பாடாகி, 2024 பெப்ரவரியில் முழுப் பாணுக்கு 450 கிராமும் அரைப் பாணுக்கு 225 கிராமும் நியம எடை என நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கட்டாயமாக்க வேண்டி வந்தது. எடைக்குத் தராசு வைத்த அரசாங்கம், விலை எங்கே தீர்மானமாகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

இனி நண்பர்களின் வாதத்தில் வலுவான பகுதிக்கு வருவோம். விலைப்போட்டி கடைசியில் தொழிலாளியின் முதுகில்தான் விழும் என்கிறார்கள். இது வெறும் பேச்சன்று. மார்க்ஸே இதற்குச் சாட்சி. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில், வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் பேக்கரித் தொழிலாளரைப் பற்றிய பகுதியை வாசித்தவர்கள் பாணை மறுபடி அதே மனதோடு கையிலெடுத்திருக்க மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் வேலை. மாவைப் பிசைந்துவிட்டு, பிசைந்த பலகையின் மேலேயே ஓரிரு மணி நேர உறக்கம். மீண்டும் எழுந்து போறணை. விடிந்ததும் கூடையைச் சுமந்து வீடுவீடாக விநியோகம். அக்காலத்து லண்டனில் பேக்கரிக்காரர் இரு பிரிவினர். முழு விலைக்கு விற்போர் ஒரு சாரார். விலை குறைத்து விற்போர் மற்றொரு சாரார். விலை குறைத்து விற்போரே ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர். அவர்களால் குறைத்து விற்க முடிந்தது எப்படி? படிகாரம் முதலியவற்றைக் கலந்தார்கள். தொழிலாளியிடமிருந்து கூலியில்லா உழைப்பைப் பிழிந்தார்கள். முழு விலைக்காரர் அரசாங்க விசாரணையின் முன் வந்து, இவர்கள் பிறர் உழைப்பைத் திருடுகிறார்கள் என்று தங்கள் போட்டியாளரைக் காட்டிக்கொடுத்தார்கள்.

நண்பர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மார்க்ஸ் மூடவில்லை. முழு விலைக்காரரின் ஒற்றுமையைத் தொழிலாளியின் பாதுகாப்பு என்று அவர் எங்கும் கொள்ளவில்லை. முதலாளிகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கையில் உண்மை வெளிவருகிறது என்ற அளவிலேயே அவர்களைப் பயன்படுத்துகிறார். அவருடைய கண் வேறிடத்தில் இருக்கிறது. கூலியாட்களின் கிளர்ச்சி, வேலைநேரச் சட்டம், பரிசோதகர்கள் ஆகியவற்றின்மேல் இருக்கிறது. விசாரணை அறிக்கை 1862 இல் வந்தது. 1863 இல் இயற்றப்பட்ட சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரை இரவு ஒன்பது மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையில் பேக்கரியில் வேலை வாங்குவதைத் தடுத்தது. குறைபாடுள்ள சட்டந்தான். ஆயினும் தொழிலாளியின் தூக்கத்துக்கு ஓர் எல்லைக்கல் நட்டது அது. முழு விலைக்காரர் எவரும் நடவில்லை.

நம் நாட்டிலும் அதே அளவுகோலைப் பிடிப்போம். 1941 இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2016 இல் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. போறணையின் முன் இரவு முழுவதும் வேகும் இளைஞனின் கூலியை உயர்த்த இவற்றின் வழி போராடலாம். பாண் விலையேற்ற அறிவிப்புகளை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறோம். மா ஏறிற்று, எரிவாயு ஏறிற்று, மின்கட்டணம் ஏறிற்று என்ற காரணங்களைக் கேட்டிருக்கிறோம். எங்கள் வேலையாட்களின் சம்பளத்தை இன்ன தொகைக்கு உயர்த்திவிட்டோம், அதனால் விலையை ஏற்றுகிறோம் என்று ஓர் அறிவிப்பை யாராவது கேட்டதுண்டா? கூலியைக் காக்கும் கேடயம் என்று நாம் வாதாடும் பொருளை அதை ஏந்துபவர்களே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

போட்டி ஒழிவது சோஷலிசத்துக்கு ஒரு படி என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். லெனின் 1916 இல் ஏகாதிபத்தியத்தைப் பற்றி எழுதிய நூலைக் கூட்டு ஏகபோகங்களின் ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறார். முதலாளிகள் கூடி விலை வைப்பதை அவர் மூலதனத்தின் இறுகிய பிடியாகக் கண்டார். மக்களின் திட்டமிடலாக அதை அவர் மயங்கவில்லை. நம்மவர் சிலர் மயங்குகிறார்கள்.

பாணையும் தொழிலாளர் இயக்கத்தையும் ஒன்றாகப் பேசும்போது தென்னாபிரிக்காவில் நடந்ததை அறிந்திருத்தல் நல்லது. அங்கே சில பெரும் கம்பெனிகளே பாணில் பெரும்பகுதியைச் சுட்டு விற்கின்றன. 2006 டிசம்பரில் மேற்குக் கேப் மாகாணத்தில் அவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் விலையை உயர்த்தின. சிறு பகிர்வாளருக்குக் கொடுத்துவந்த கழிவையும் சேர்ந்தே குறைத்தன. அச்சிறு பகிர்வாளர்களிடமிருந்துதான் முறைப்பாடு எழுந்தது. ஏழைகளின் குடியிருப்புகளுக்குப் பாண் கொண்டுபோய்ப் பிழைப்பவர்கள் அவர்கள். போட்டி ஆணைக்குழு விசாரித்தபோது ஒரு கம்பெனி தண்டத்திலிருந்து தப்பும் பொருட்டு உண்மையைக் கக்கிவிட்டது. மற்றொரு கம்பெனி 2007 இல் ஏறத்தாழ 9 கோடி 88 லட்சம் ரான்ட் தண்டம் கட்டச் சம்மதித்தது. வழக்காடி நின்ற இன்னொன்றுக்கு 2010 இல் ஏறத்தாழ 19 கோடி 57 லட்சம் ரான்ட் விதிக்கப்பட்டது. இதனோடு முடியவில்லை. அந்நாட்டின் மாபெரும் தொழிற்சங்கச் சம்மேளனமாகிய கொசாட்டு, சிறுவர் நல அமைப்பொன்றோடும் சமூக நீதி இயக்கங்களோடும் சேர்ந்து, பாண் வாங்கிய மக்களின் சார்பில் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கில்தான் 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மக்கள் கூட்டாக வழக்குத் தொடர்வதற்கான விதிகளை அந்நாட்டுக்கு வகுத்துக் கொடுத்தது.

அங்கே குற்றவாளிகள் பெரும் கம்பெனிகள், இங்கே சங்கத்திலிருப்பவர்கள் சிறியவர்கள், ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவில் ஒப்பில்லை, உண்மைதான். நான் காட்ட விரும்புவது வேறு. சம்பளத்துக்காகப் போராடும் சம்மேளனம் பாணின் விலைக்காகவும் நீதிமன்றப் படியேறியது. விலைக்கூட்டை உடைப்பது முதலாளித்துவச் சீர்திருத்த வேலை என்று அது ஒதுங்கி நிற்கவில்லை. ஐந்து ரூபா கூடுதலாக விற்கும் பாண், வென்றெடுத்த சம்பள உயர்வைக் காலைச் சாப்பாட்டிலேயே திருப்பி வாங்கிவிடும் என்பதை அதன் உறுப்பினர் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சங்கத்தின் விரல் அந்தப் பக்கம் நீளுவதில்லை என்பதே என் முறைப்பாடு. கோதுமை இந்த மண்ணில் விளையாது. நாட்டுக்கு வேண்டிய மாவின் பெரும்பகுதி இரண்டு ஆலைகளிலிருந்து வருகிறது. ஒன்று 1977 ஒப்பந்தத்தின்படி திருகோணமலையில் எழுந்து 1980 இல் அரைக்கத் தொடங்கிய சிங்கப்பூர் மூலதனத்து ஆலை. அரசாங்கத்தின் கோதுமையை அரைத்து மாவாகக் கொடுத்துக் கூலியாகத் தவிட்டை எடுத்துக்கொள்வது அதன் ஆரம்ப ஏற்பாடு. தவிடுதானே என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. தவிடும் ஏற்றுமதிப் பண்டம் என்பதை ஆலைக்காரர் அறிந்திருந்தார்கள். மற்றது 2008 இல் கொழும்புத் துறைமுகத்தில் எழுந்த, டுபாய் மூலதனத்து ஆலை. 2022 இல் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபா என்றிருந்த நாணயமதிப்பு சில வாரங்களில் 360 ஐ எட்டியபோதும், உக்ரெயின் யுத்தத்தால் உலகக் கோதுமை விலை எகிறியபோதும், ஆலை ஏற்றியதைப் பேக்கரி ஏற்றியது, பேக்கரி ஏற்றியதைக் கடை ஏற்றியது. ஏற்றத்தில் எவ்வளவு டொலருக்கு, எவ்வளவு இலாபத்துக்கு என்று ஆலையைப் பார்த்துக் கணக்குக் கேட்டிருக்க வேண்டியவர்கள் பேக்கரிக்காரரே. ஆயிரம் பேக்கரிகள் சேர்ந்து மாவுக்கு ஒரே பேரம் பேசினால், சேர்ந்து இறக்குமதி செய்தால், ஈஸ்றும் எண்ணெயும் சேர்ந்து வாங்கினால் அது சிறியவனின் உண்மையான தற்காப்பு. அந்த ஒற்றுமைக்கு நான் முதல் கைதட்டுவேன். ஆனால் மேலே பேரம் பேசுவது கடினம். கீழே விலை ஏற்றுவது எளிது. சங்கம் எளிதைத் தேர்ந்துகொண்டது.

அப்படியானால் விலையைத் திறந்துவிட்டால் பேரங்காடிகள் வந்து சிறுகடைகளை விழுங்கிவிடாவா? இக்கேள்வியை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். பிரித்தானியாவில் உற்பத்தியாளரும் கடைக்காரர் சங்கங்களும் சேர்ந்து, குறித்த விலைக்குக் குறைய எவரும் விற்கக்கூடாதென்று பல பத்தாண்டுகள் ஆண்டார்கள். மருந்து வணிகத்தில் இதற்கென்றே 1896 இல் ஒரு சங்கம் அமைந்தது. 1964 இல் சட்டம் அம்முறையின் முதுகெலும்பை ஒடித்தது. விலைகள் தளர்ந்தன, அதன்பின் பல சிறுகடைகள் மூடப்பட்டதும் உண்மையே. அதைக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் பேரங்காடி அதற்கு முன்பே வளரத் தொடங்கிவிட்டது. கூட்டு விலை அதைத் தடுக்கவுமில்லை. எல்லாரும் உயர்த்தி வைத்த விலைக்கு அருகே சிறிது குறைத்து விற்று ஏழையின் நண்பன் என்று பெயர் வாங்குவது பெருங்கடைக்கு எவ்வளவு இலகு! நம் நகரங்களில் இன்று குளிரூட்டிய கடைகளில் பாணுக்கும் பருப்புக்கும் கழிவுவிலைப் பலகை தொங்குகிறதே, அந்தப் பெயரை அவற்றுக்கு வாங்கிக்கொடுத்ததில் சங்க விலைக்கும் பங்குண்டு.

இந்தியாவில் மருந்துக்கடைச் சங்கங்கள் செய்ததும் இவ்வகையே. சங்கத்தின் ஆட்சேபனையில்லைக் கடிதம் இல்லாமல் ஒரு கம்பெனி புதிய மொத்த விநியோகஸ்தரை நியமிக்க முடியாது. மொத்த வியாபாரிக்கு இவ்வளவு வீதம், சில்லறைக்காரனுக்கு இவ்வளவு வீதம் என்று இலாபமும் சங்கத்தின் பேரத்திலேயே முடிவாகும். 2012 முதல் அந்நாட்டுப் போட்டி ஆணைக்குழு இவை பற்றிப் பல கட்டளைகள் பிறப்பித்தது; மேன்முறையீடுகளும் தொடர்ந்தன. நோயாளியிடம் பேரம் பேசும் வலு இல்லை என்பதால்தான் மருந்தில் கூட்டு விலை இத்தனை நாள் நிலைத்தது. நம் நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்ததையும், அதன் ஒசுசல கடைகள் திறக்கப்பட்டதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. பொதுவுடைமைக் கடை ஒன்று அடுத்த தெருவில் இருந்து தன் விலையில் விற்றாலே தனியாரின் கூட்டுக்குப் பாதி பலம் போய்விடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போவது நியாயமன்று. சலூன்களில் தொங்கும் விலைப்பலகையையும் பாண் விலையையும் நான் ஒன்றாகக் கருதவில்லை. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் ஒருகாலத்தில் குடிமைத் தொழிலாக இருந்தது. வீட்டு முற்றத்துக்கு வந்து வேலை செய்து, அறுவடையில் அளந்து போடும் நெல்லை ஏற்கவேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நாற்காலி, எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்ற பலகை அந்த அடிமைத்தனத்துக்கு எதிராக எழுந்தது. அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் ஒருவனுடைய கைவேலை. அவனுடைய சங்கம் தொழிற்சங்கத்துக்கு நெருங்கிய உறவு. 'மல்லிகை'யை 1966 இல் தொடங்கி நடத்திய டொமினிக் ஜீவா அந்தத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதை இப்பக்கங்களின் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நாற்காலி பத்துப் போட்டு ஆள் வைத்து நடத்துபவர் அதே பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அது வேறு கதை.

கட்டுப்பாட்டு விலையை ஆதரிக்கும் இடதுசாரி சங்க விலையை எதிர்ப்பது முரண்பாடில்லையா என்று கேட்பவரும் உண்டு. இரண்டும் நேர்மாறானவை. அரசாங்கம் உச்ச விலை குறித்தால் அதற்கு மேலே விற்கக் கூடாது; கீழே எவனும் விற்கலாம். சங்கம் குறிக்கும் விலைக்குக் கீழே விற்பவனே குற்றவாளி. இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. 1953 இல் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, யாரை எதிர்ப்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு எழுந்து நின்றது. சில வாரங்களில் பிரதமர் பதவி விலகினார். சங்கம் உயர்த்தும் விலைக்கு எதிராக யாரிடம் போய் ஹர்த்தால் செய்வது? சங்கத் தலைவரை நாம் தெரிவு செய்யவில்லை, நீக்கவும் முடியாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1987 இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தையும், அதற்கு முன்னிருந்த விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் நீக்கி 2003 இல் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அதிகாரசபையின் கடமைகளைப் பட்டியலிடும் 8 ஆம் பிரிவைத் திறந்து பார்த்தால், தொழில்முயற்சிகள் தமக்குள் விலை தொடர்பாகச் செய்யும் ஏற்பாடுகளைக் கட்டுப்படுத்துவது அல்லது ஒழிப்பது என்ற கடமை தொடக்கத்திலேயே நிற்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அந்தச் சபையின் அலுவலர் கடைகளுக்குள் நுழைந்து, விலைச்சீட்டு ஒட்டாத சோப்புக்கும் எடைகுறைந்த பாணுக்கும் வழக்குப் போடுகிறார்கள், அது வேண்டியதே. ஆனால் நாடறிய வானொலியில் வாசிக்கப்படும் விலை ஏற்பாடு அவர்கள் காதில் விழுவதில்லை. காரணம் சோம்பல் மட்டுமன்று. போட்டியாளர் கூடி விலை வைப்பதை இச்சட்டம் நேராகக் குற்றமென்று சொல்லிவிடவில்லை. அதிகாரசபை விசாரித்து, நுகர்வோர் அலுவல்கள் சபையின் முன் கொண்டுசென்று, அது பொதுநலனுக்கு விரோதமானதா என்று அங்கே ஆராயவேண்டும். தென்னாபிரிக்காவின் சட்டத்தில் இந்தச் சுற்றுவழி இல்லை. போட்டியாளர் கூடி விலை வைத்தார்கள் என்று நிரூபித்தால் போதும். நம் சட்டத்தை அப்படித் திருத்தவேண்டும் என்பது ஒரு கோரிக்கை. திருத்தத்துக்குக் காத்திராமல், இருக்கிற 8 ஆம் பிரிவின்கீழ் பாண் விலை அறிவிப்புகளை விசாரிக்கும்படி ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் எழுத்துமூலம் முறைப்பாடு செய்யலாம். அதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. முத்திரையும் ஒரு தாளும் போதும்.

சட்டத்தால் மட்டும் பாண் மலியாது என்பதை நான் அறிவேன். விலைக்கூட்டை உள்ளிருந்து உடைக்கக்கூடிய இரண்டாவது சங்கம் நம்மிடமே இருந்தது. 1942 இல் யுத்தப் பயத்தில் வியாபாரிகள் சரக்கை மறைத்தபோது நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. பிலிப் குணவர்த்தன 1957 இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழி வகுத்தார். வடக்கில் இவ்வியக்கம் ஆசுபத்திரிகூட நடத்தியது. 1936 இல் தொடங்கிய மூளாய்க் கூட்டுறவு ஆசுபத்திரி அதற்குச் சாட்சி. சங்கக்கடையில் இன்ன விலை என்று தெரிந்தால் பக்கத்துக் கடை முதலாளி அதற்கு மேலே போகத் தயங்கிய காலம் ஒன்று இருந்ததை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். பலநோக்குச் சங்கங்கள் சில இன்றும் பேக்கரி வைத்திருக்கின்றன. அவற்றிலும் விற்கப்படுவது உரிமையாளர் சங்கம் அறிவித்த அதே விலைப் பாண் என்றால், உறுப்பினரின் சொத்து உறுப்பினருக்கு எதிரான விலையைக் காவல் செய்கிறது என்றே பொருள்.

ஆசிரியரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர். கடன் எடுக்கவும் அடைக்கவும் மட்டும் அதன் படியேறுகிறோம். வருடாந்தப் பொதுக்கூட்ட அழைப்பு வரும்போது இம்முறை போய் இரண்டு கேள்வி கேட்கலாம். சங்கத்தின் போறணையில் ஒரு றாத்தல் பாண் சுட மாவுக்கும் விறகுக்கும் கூலிக்கும் எவ்வளவு செல்கிறது? அந்தக் கணக்கைக் கடை வாசலில் கரும்பலகையில் எழுதி, அதன்மேல் நியாயமான இலாபத்தை மட்டும் வைத்து, தன் சொந்த விலைக்கு விற்க நிர்வாகத்துக்கு என்ன தடை? பதில் கூட்ட அறிக்கையில் பதியப்படவேண்டும் என்று கேட்பதற்கும் அங்கத்தவருக்கு உரிமை உண்டு.